விக்டரி கப்பல் மாதிரிக்கு எந்த நூல்?

பழைய பிரிட்டிஷ் பாய்மரப் போர்க்கப்பலான ஹெச்எம்எஸ் விக்டரியின் மாதிரியை 1:100 அளவில் செய்கிறீர்கள். கிட்டோடு (உதிரிபாகப் பெட்டியோடு) வந்த பருத்தி நூலையே கப்பலின் கயிறுகளாகக் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பேன். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், கம்பளிப்பூச்சி மாதிரி பிசிறு தெரியும். ஈரப்பதம் மாறும்போது இழுவிசையும் மாறும். ஒரு மழைக்காலம் போனால் சில கயிறுகள் தொய்ந்திருக்கும். தேன்மெழுகு தடவினால் பிசிறு படியும், அவ்வளவுதான்.

ஆளிச்செடி நாரில் திரித்த லினன் நூல் அழகு, ஆனால் நல்ல நூல் கிடைப்பது கஷ்டம். நைலான் ரப்பராக இழுபடும், தொடாதீர்கள். என் தேர்வு பளபளப்பில்லாத பாலியஸ்டர். மூன்று புரியாக முறுக்கியது கிடைத்தால் நிஜக் கயிறு போலவே இருக்கும்.

நிறத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். விக்டரி சண்டையிட்ட டிரஃபால்கர் கடற்போர் நடந்த 1805-ல் கயிறுகள் சணல்வகை நாரான ஹெம்ப்பில் திரித்தவை. பாய்மரத்தைத் தாங்கி நிற்கும் கயிறுகளுக்குத் தார் பூசுவார்கள். அவற்றுக்குக் கறுப்பு கலந்த அடர்பழுப்பு. பாய்களை இழுக்கும் கயிறுகளுக்கு வெளிர்பழுப்பு போதும், வெள்ளை கூடாது.

அப்புறம் தடிமன். பழைய ஆங்கிலேயக் கணக்கில் கயிற்றின் அளவு என்பது சுற்றளவு, விட்டமல்ல. 10 அங்குலக் கயிறு என்றால் 254 மிமீ சுற்றளவு, 3.14-ஆல் வகுத்தால் விட்டம் சுமார் 81 மிமீ. உங்கள் மாதிரியில் 0.8 மிமீ. நேராக 2.5 மிமீ போட்டால் வடம் பிடித்துத் தேர் இழுக்கிற கதைதான்.

முடிச்சுக்கு உடனடிப் பசை வேண்டாம், நூல் விறைத்து மினுங்கும். தண்ணீர் கலந்த வெள்ளைப் பசை ஒரு சொட்டு.