நூலுக்கு எத்தனை கோடு?

கேள்வி (ஹட்டன் வாசகி): ஜப்பான் மொழி வகுப்பில் நூலுக்கு 'இத்தோ' என்று ஓர் எழுத்து படித்தோம். கார்மன்ட்ஸில் வேலை செய்யும் அக்கா காட்டிய சீன நூல் பெட்டியில் அந்த எழுத்தைக் காணோம். எது சரி?

பதில்: இரண்டும் சரிதான். 'இத்தோ' ஆறு கோட்டு எழுத்து. ஜப்பானில் முதலாம் வகுப்புப் பிள்ளைகள் படிக்கும் 80 எழுத்துகளில் ஒன்று. இதையே இரண்டு முறை பக்கத்துப் பக்கமாக எழுதினால் பழைய வடிவம், 12 கோடு. தைவானிலும் ஹாங்காங்கிலும் பட்டிழைக்கு இன்றும் அதுதான். சீனா 1956இல் அதை ஐந்து கோடாக்கிவிட்டது. ஆனால் தையல் நூலுக்குச் சீனர் போடுவது 'ஷியென்' என்ற வேறு எழுத்து. பெட்டியில் அக்கா பார்த்தது அதுவாக இருக்கும்.

எழுதும்போது மேலே உள்ள இரு மடிப்புகளில் கவனம் வேண்டும். இடப்பக்கம் சரிந்து இறங்கி, பேனையைத் தூக்காமலே வலப்பக்கம் திரும்ப வேண்டும். அது ஒரே கோடு. இரண்டாவதும் அப்படியே, கொஞ்சம் பெரிதாக. அதன் நுனியில் ஒரு புள்ளி, நடுவே நேர்கோடு, பிறகு இடம், வலம். மடிப்பில் பேனையைத் தூக்கினால் ஆறு எட்டாகிவிடும். கோட்டை எண்ணித் தேடும் அகராதியில் எழுத்து அகப்படாது.

கேள்வி (தலவாக்கலை வாசகர்): ஜப்பானுக்குப் போகும் தேயிலைப் பெட்டியிலும் இந்த நூல் வடிவம் இருக்கிறதே, ஏன்?

பதில்: நம் கறுப்புத் தேயிலை அவர்களுக்குச் 'சிவப்புத் தேநீர்'. சிவப்புக்கான எழுத்தின் இடப்பாதி நூல். வலப்பக்கம் உள்ள மூன்று கோடு உச்சரிப்புக்காக. பச்சைக்கும் ஊதாவுக்கும்கூட நூல் உண்டு. சாயம் ஏற்றிய பட்டிலிருந்து பிறந்த நிறப்பெயர்கள் அல்லவா!

பொதியிடும் (பெக்கிங்) பகுதியில் லேபிள் மாறிப்போகாமல் இருக்க ஒரு வழி: சிவப்பு எழுத்தின் இடப்பாதி, அடியில் மேல்நோக்கி இழுத்த ஒற்றைக் கோட்டோடு முடிந்தால் சீனப் பெருநிலம். மூன்று கால் இருந்தால் ஜப்பான், தைவான் அல்லது ஹாங்காங். அவற்றுள் ஜப்பானைப் பிரிக்க, இடையிடையே கானா எனப்படும் எளிய ஜப்பானிய ஒலியெழுத்துகள் கலந்திருக்கின்றனவா என்று பாருங்கள். நூலை மட்டும் நம்பிப் பெட்டியை ஏற்றிவிடாதீர்கள்.

கேள்வி (பதுளை வாசகர்): கொரிய வேலைக்கான மொழிப் பரீட்சைக்கும் இது தேவையா?

பதில்: தேவையில்லை. பரீட்சை முழுக்க ஹங்குல் என்ற கொரிய எழுத்தில்தான். நூல் அங்கே 'ஷில்'. மூன்று உறுப்புகளை ஒரே கட்டத்துக்குள் அடுக்கி எழுதுவார்கள். 'ல்' ஒலிக்கான உறுப்பு அடியில் வரும், பக்கத்தில் போட்டால் பிழை.