தாக்கலாமா, கூடாதா என்று முடிவெடுக்கும் வேலை

ஐயா,

கணினி வழிப் போருக்கு (சைபர் போர்) கொள்கை வகுக்கும் வேலைக்குப் போக ஆசைப்படும் மகளுடன் சனிக்கிழமை மஞ்சக்குப்பத்திலிருந்து பஸ் ஏறிப் புதுச்சேரி வந்து நீங்கள் கேட்ட முதல் கேள்வியே, "ஹேக்கிங் என்கிறாளே, போலீஸ் கேஸ் ஆகிவிடாதா?" என்பதுதான். அவள் வாயைத் திறக்கவில்லை. நோட்டைப் பிரித்து என் பக்கம் தள்ளினாள். மேலே ஒரே வரி: 'நதான்ஸில் இயந்திரங்கள் உடைந்தன. அது போரா?' கீழே இரண்டு பக்கம், அடித்தும் திருத்தியும்.

ஈரானின் நதான்ஸ் ஆலையில் யுரேனியம் செறிவூட்டும் இயந்திரங்களைப் பழுதாக்கிய ஸ்டக்ஸ்நெட் என்ற கணினிப் புழு 2010-இல் வெளியே தெரிந்தது. குண்டு விழவில்லை. அப்படியானால் ஐ.நா. சாசனத்தின் 51-ஆம் பிரிவு தரும் தற்காப்பு உரிமை அங்கே செல்லுமா? இப்படியொரு தாக்குதலுக்கு உத்தரவிட வேண்டியது ராணுவமா, அமைச்சரவையா? எதிரி நாட்டு மின்சாரத்தை முடக்கினால், அங்கே மருத்துவமனையில் கிடக்கும் நோயாளிக்கு யார் பொறுப்பு? இவற்றுக்கு முன்கூட்டியே விடை எழுதி வைப்பவர்களின் வேலையைத்தான் உங்கள் மகள் கேட்கிறாள். 2013-இல் சட்ட அறிஞர்கள் வெளியிட்ட தாலின் கையேடு இதைத்தான் அலசுகிறது. ஆனால் அது எந்த நாட்டையும் கட்டுப்படுத்தாது. அதே ஆண்டு வந்த நம் தேசிய சைபர் பாதுகாப்புக் கொள்கை காப்பதைப் பற்றியது. எப்போது திருப்பித் தாக்கலாம் என்று அது சொல்லவில்லை. 2019-இல் கூடங்குளம் அணுமின் நிலைய நிர்வாகக் கணினி ஒன்றிலேயே தீநிரல் (கெடுதல் செய்யும் மென்பொருள்) புகுந்தது. இதையெல்லாம் யோசிக்கத் தெரிந்த பிள்ளைகள் நமக்கு வேண்டும் ஐயா, நிறையவே வேண்டும்.

போலீஸ் பயத்துக்கு வருகிறேன். அடுத்தவர் கணினியில் அனுமதியின்றி நுழைந்து பார்ப்பது, விளையாட்டுக்கு என்றாலும், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-ஆம் பிரிவின்படி இழப்பீடு கட்ட வைக்கும் தவறு; நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். அதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்.

பி.இ.யை அரியர் இல்லாமல் முடிக்கட்டும். பிறகு புதுவைப் பல்கலைக்கழகத்தில் பன்னாட்டு உறவுகள் படிக்கலாம், அல்லது மூன்றாண்டுச் சட்டம். என்னைக் கேட்டால் சட்டம்தான். கணினியும் சட்டமும் ஒருசேரத் தெரிந்தவர்கள் குறைவு. கொள்கை வகுக்கும் பணியிடங்கள் சொற்பம், பெரும்பாலும் டெல்லியில். அதனால் முதல் சில ஆண்டுகள் வங்கியிலோ மின்வாரியத்திலோ கணினிப் பாதுகாப்பு வேலை பார்க்க அவள் தயாராக இருக்க வேண்டும். சம்பளம் வரும், வீட்டுக்கும் நிம்மதி.

அடுத்த முறை வரும்போது அந்த இரண்டு பக்கத்தையும் ஒரே பக்கமாகச் சுருக்கி எழுதி வரச் சொல்லுங்கள். அமைச்சர் மேசைக்குப் போகும் குறிப்பு அந்த அளவில்தான் இருக்க வேண்டும்.