சிலபஸ்ல எதைத் தூக்கறது?

வணக்கம் சார்,

நான் ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட்ல அசிஸ்டென்ட் புரொஃபசர். ஆறு வருஷமா ஃப்ளூயிட் மெக்கானிக்ஸும் தெர்மோவும் (தெர்மோடைனமிக்ஸ்) எடுக்கறேன். இந்த வருஷம் சிலபஸ் திருத்தற கமிட்டில என்னையும் போட்டுட்டாங்க. மூணு மீட்டிங் முடிஞ்சுது. ஒருத்தர் மெஷின் லேர்னிங் சேர்க்கணும்ங்கறார், ஒருத்தர் எலக்ட்ரிக் வண்டிங்கறார், இன்னொருத்தர் டிசைன் திங்கிங். எதையாவது எடுத்தாதானே இடம் வரும்னு கேட்டா எல்லாரும் அடுத்தவங்க பேப்பரைக் கை காட்டறாங்க. எதை வச்சு முடிவு பண்றது?

இன்னொன்னு. போன செமஸ்டர் லெக்சரைக் குறைச்சுட்டு கிளாஸ்லயே குரூப் குரூப்பா உக்காந்து கணக்கு போட வச்சேன். மார்க் கொஞ்சம் ஏறுச்சு. ஆனா ஃபீட்பேக்ல "சார் நடத்தவே மாட்டேங்கறார், எங்களையே பண்ணச் சொல்றார்"னு எழுதிட்டாங்க. ஹெச்ஓடி கூப்பிட்டு விசாரிச்சார். நான் பண்ணது தப்பா சார்? பேர் போட வேண்டாம்.

— ஒரு வாசகர்

வணக்கம்ங்க,

அடுத்தவங்க பேப்பரைக் கை காட்டறாங்கன்னு எழுதியிருந்தீங்க பாருங்க, அங்க சிரிச்சுட்டேன். நான் உக்காந்த கமிட்டிலயும் அச்சு அசல் இதேதான் நடந்துச்சு, யார் எந்தப் பேப்பர் எடுக்கறாங்களோ அதுதான் இன்ஜினியரிங்குக்கு உயிர்நாடி, மத்ததெல்லாம் கொஞ்சம் குறைச்சுக்கலாம். கடைசில எல்லா பேப்பர்லயும் ஒண்ணு ரெண்டு டாபிக் வெட்டி, நாலு புது டாபிக் சேர்த்து, முன்னைவிட ரெண்டு பக்கம் அதிகமா ஒரு சிலபஸ் போட்டுக் கொடுத்தோம். அதுல நானும் கையெழுத்து போட்டேன், அந்த வெட்கத்துலதான் இவ்ளோ நீளமா எழுதறேன்னு வச்சுக்கோங்க.

இந்த நெரிசல் இன்னைக்கு நேத்து வந்தது இல்லை. ஒரு காலத்துல இன்ஜினியரிங் படிப்புன்னா டிராயிங், ஒர்க்‌ஷாப், ஃபவுண்டரின்னு கைவேலை நிறைய. ரெண்டாம் உலகப் போர்ல ரேடார் மாதிரி பெரிய வேலைகள்ல இயற்பியல்காரங்க முன்னாடி நின்னாங்க, இன்ஜினியருக்கு சயின்ஸ் பத்தலன்னு ஒரு பேச்சு கிளம்புச்சு. அமெரிக்கால இன்ஜினியரிங் கல்விக்கான சங்கம் ஒரு கமிட்டி போட்டு 1955ல கிரின்டர் ரிப்போர்ட்டுன்னு ஒண்ணு கொடுத்துச்சு. அதுல ஆறு இன்ஜினியரிங் சயின்ஸ் வரும்: திடப்பொருள் மெக்கானிக்ஸ், ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ், தெர்மோ, டிரான்ஸ்ஃபர் அண்ட் ரேட் மெக்கானிசம் (வெப்பமும் பொருளும் எப்படி, எவ்ளோ வேகமா கடந்து போகுதுங்கறது), எலக்ட்ரிக்கல் தியரி, மெட்டீரியல்ஸ். இன்னைக்கு உங்க கையில இருக்கற சிலபஸ்ல இந்த ஆறையும் விரல் விட்டு எண்ணிடலாம். அந்த ரிப்போர்ட்ல எனக்குப் பிடிச்ச விஷயம், சேர்த்ததோட நிக்காம கைவேலையையும் வழக்கமா வரையற டிராயிங்கையும் குறைக்கச் சொன்னாங்க. அதுக்கப்புறம் கம்ப்யூட்டர் வந்துச்சு, சுற்றுச்சூழல் வந்துச்சு, மேனேஜ்மென்ட் வந்துச்சு, எல்லாமே பழசுக்கு மேல புதுசா படிஞ்சுகிட்டே போச்சு.

எதைத் தூக்கறதுன்னு ஒத்தை வரில பதில் சொல்லணும்னா கேள்வித்தாள்ல இருந்து ஆரம்பிங்க. சிலபஸை அப்படியே மூடி வச்சுடுங்க. ஏன்னா சிலபஸ்ல என்ன எழுதியிருந்தாலும் ஸ்டூடன்ட் படிக்கறது பழைய கேள்வித்தாளைத்தான், அதுல அவன் ரொம்ப புத்திசாலி, எதுக்கு மார்க்கோ அதைப் படிக்கறான். "பெர்னூலி ஈக்வேஷனை டிரைவ் செய்க, அசம்ப்ஷன்களை எழுதுக"ன்னு (ஓடற தண்ணியோட அழுத்தம், வேகம், உயரம் மூணையும் இணைக்கற சமன்பாடு அது) வருஷா வருஷம் வந்தா மனப்பாடம் பண்ணிட்டு வந்து ஒரு கமா விடாம எழுதிடுவான். அதே பையன்கிட்ட இதைக் கொடுத்துப் பாருங்க: கீழ ஒரு தொட்டி, 10 மீட்டர் உயரத்துல ஒரு தொட்டி, ரெண்டும் திறந்த தொட்டி, நடுவுல பம்ப் ஓடி தண்ணி மேல ஏறுது. ஒருத்தர் ரெண்டு தண்ணி மட்டத்துக்கும் பெர்னூலி போட்டார். ரெண்டு இடத்துலயும் காத்தழுத்தம்தான், வேகம் கிட்டத்தட்ட பூஜ்யம், அதனால ஒரு பக்கம் பூஜ்யம், இன்னொரு பக்கம் 10 மீட்டர்னு வந்து நிக்குது. எங்க தப்பு?

நான் கொடுத்திருக்கேன். டிரைவேஷன்ல முழு மார்க் வாங்கின பாதிப் பேர் முழிச்சாங்க. பம்ப் வெளியில இருந்து எனர்ஜி கொடுக்குது, அதைக் கணக்குல சேர்க்காம பெர்னூலி போட முடியாதுன்னு அவங்க எழுதின அசம்ப்ஷன் லிஸ்ட்லயே வேற வார்த்தைல இருக்கு, ஆனா லிஸ்ட் வேற உலகம் தொட்டி வேற உலகம். அடுத்த கேள்வி, அப்போ பம்ப் கொடுக்க வேண்டியது சரியா 10 மீட்டர் ஹெட்தானா (தண்ணியை எவ்ளோ உயரம் ஏத்தற சக்திங்கற அளவு), அதுக்கு மேலயா? குழாய்ல உராய்வு இருக்கு, வளைவுல இழப்பு இருக்கு, அதனால 10க்கு மேல. இந்த ரெண்டு கேள்விக்கும் ஒருத்தன் சொந்தமா பதில் சொல்றான்னா எனக்குப் போதும், அந்த யூனிட்ல மீதி டாபிக்கை அவன் வேலைக்குப் போன இடத்துல ஒரு சாயங்காலம் உக்காந்து படிச்சுக்குவான்.

இப்படி ஒரு பேப்பருக்கு எட்டு பத்து கேள்வி எழுதுங்க, இதுக்கு பதில் தெரியாம ஒருத்தன் பாஸ் ஆனா நமக்கு அவமானம்ங்கற மாதிரி கேள்வி. எந்தக் கேள்விக்கும் தேவைப்படாத டாபிக் எதெதுன்னு அப்புறம் சிலபஸைத் திறந்து பாருங்க. இதுக்கு பேக்வர்ட் டிசைன்னு பேர் வச்சிருக்காங்க, கல்வி உளவியல் ஆய்வாளர் ஜான் பிக்ஸ் 1996ல கன்ஸ்ட்ரக்டிவ் அலைன்மென்ட்னு எழுதினதும் கிட்டத்தட்ட இதே வழிதான். பேர் எதுவா வேணா இருக்கட்டும், கமிட்டில பேரைச் சொல்லாதீங்க, சொன்னா உடனே ஒருத்தர் அதுக்கு ஒரு ஃபார்மட் கொண்டு வந்துடுவார்.

ஃபார்மட்னதும் சிஓ-பிஓ மேப்பிங் ஞாபகம் வருது, ஒவ்வொரு பேப்பரோட குறிக்கோளும் மொத்தப் படிப்போட குறிக்கோளோட எவ்ளோ பொருந்துதுன்னு எண் போடற அட்டவணை. நல்ல எண்ணத்துலதான் வந்துச்சு. 1990கள்ல கம்பெனிக்காரங்க, உங்க பசங்களுக்கு கணக்கு வருது, ஆனா டீமா வேலை செய்ய வரல, நாலு பேருக்குப் புரியற மாதிரி எழுத வரலன்னு புலம்பினாங்க, அமெரிக்கால படிப்புகளுக்கு அங்கீகாரம் (அக்ரிடிட்டேஷன்) கொடுக்கற அபெட்ங்கற அமைப்பு, எத்தனை மணி நேரம் என்ன நடத்துனீங்கன்னு எண்றதை விட்டுட்டு, படிச்சு வெளிய வர்றவனுக்கு என்ன செய்யத் தெரியும்னு கேக்கற முறைக்கு மாறுச்சு, ஏ-ல இருந்து கே வரைக்கும் 11 அவுட்கம். கேட்ட கேள்வி அருமையான கேள்வி. நாம பண்ணது, எக்ஸெல்ல கட்டம் போட்டு 3, 2, 1னு ராத்திரி பன்னெண்டு மணிக்கு நிரப்பறது. உங்களுக்குத் தெரியாததா. அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டிய கட்டாயம் இருந்தா நிரப்பிட்டுப் போங்க, ஆனா எந்த டாபிக் இருக்கணும் எது போகணும்னு அதை வச்சு முடிவு பண்ணாதீங்க.

கேள்வித்தாள் ஒரு சல்லடை. இன்னொரு சல்லடையும் இருக்கு, நான் இதைப் பண்ணிப் பார்த்தேன், சண்டை வராம முடிஞ்சது. ஒவ்வொரு டாபிக்கையும் ஒரு சின்ன சீட்டுல எழுதி சுவத்துல ஒட்டினோம், பின்னாடி வர்ற எந்தப் பேப்பர் இதைப் பயன்படுத்துதோ அந்தப் பேப்பர் எடுக்கறவங்க வந்து அம்பு போடணும். நான் நடத்தறேன் அதனால முக்கியம்னு யாரும் சொல்ல முடியாது, அம்பு போட வேண்டியது அடுத்தவர். ஒரு அம்பு கூட வராத சீட்டு ஏகப்பட்டது. இன்னொரு கூத்து, லாப்லாஸ் டிரான்ஸ்ஃபார்ம்னு சிக்கலான சமன்பாட்டை எளிமையாக்கற ஒரு கணக்கு முறை மூணாவது செமஸ்டர் மேத்ஸ்ல இருக்கு, அது தேவைப்படற கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் ஆறாவதுல வருது, அந்த வாத்தியார் சொல்றார், பசங்க மொத்தமா மறந்துட்டு வர்றாங்க, நானே மறுபடி ரெண்டு மூணு கிளாஸ்ல நடத்திக்கறேன்னு. அவருக்கு அந்த ரெண்டு மூணு கிளாஸ் போதும்னா மேத்ஸ்ல நாம பாதி யூனிட் ஒதுக்கி வச்சது எதுக்குன்னு கேட்டேன், ரூம்ல சத்தமே இல்ல. அம்பு வராததை எல்லாம் வெட்டணும்னு சொல்ல மாட்டேன், எத்திக்ஸ்ல இருந்து ஒரு அம்பும் கிளம்பாது, அதுக்காக அதைத் தூக்க முடியுமா. ஆனா அம்பும் இல்ல, வேற காரணமும் யாராலயும் சொல்ல முடியலன்னா எடுத்துடலாம்.

அமெரிக்கால ரைட் ஸ்டேட் யுனிவர்சிட்டில 2004ல இருந்து இதை ஒட்டி ஒண்ணு பண்றாங்க. கால்குலஸ் வரிசை முழுசா முடிச்சாதான் இன்ஜினியரிங் பேப்பர்னு இருந்ததால நிறைய பசங்க மேத்ஸ்லயே தட்டுத்தடுமாறி வெளிய போய்ட்டு இருந்தாங்க. அதுக்கு, முதல் வருஷமே இன்ஜினியரிங் வாத்தியாருங்களே எடுக்கற ஒரு மேத்ஸ் பேப்பர் வச்சாங்க, பின்னாடி வர்ற இன்ஜினியரிங் பேப்பருக்கு நேரடியா என்ன தேவையோ அது மட்டும், கூடவே லேப். முறையான கால்குலஸ் பின்னாடி வரும். மெஷின் லேர்னிங்கையும் நான் இப்படித்தான் பார்ப்பேன். தனிப் பேப்பரா போட்டா தெர்மோ தெரியாத ஒருத்தர் வந்து பூ வகை பிரிக்கற டேட்டாவை வச்சு நடத்திட்டுப் போவார். அதுக்கு பதிலா ஹீட் டிரான்ஸ்ஃபர் லேப்ல பசங்க எடுத்த அளவை வச்சே மாடல் போடச் சொல்லுங்க, எந்த அளவை நம்பலாம் எதை நம்பக்கூடாதுன்னு அப்பதான் சண்டை வரும். எலக்ட்ரிக் வண்டியும் அப்படித்தான், பேட்டரி சூடாறதை தெர்மோலயே கணக்கா கொடுங்க.

லேப்னு சொன்னதும் ஒண்ணு, ப்ரொசீஜர் ஷீட்டை எடுத்துடுங்க. இந்தக் குழாய்ல ஓடற தண்ணியோட அளவை மூணு விதமா கண்டுபிடி, மூணும் வேற வேறயா வந்தா எதை நம்புவ, ஏன்? அவ்ளோதான் லேப் ஷீட். ரெக்கார்ட் நோட்டைப் பார்த்துக் காப்பி அடிக்க அவனுக்கு வழியே இருக்காது.

சரி, உங்க ரெண்டாவது கேள்வி. தப்பே பண்ணல.

ஹார்வர்ட்ல எரிக் மசூர்னு ஒரு இயற்பியல் புரொஃபசர். நல்லா நடத்தறவர்னு பேர், ஸ்டூடன்ட் ரேட்டிங்கும் அருமை. ஃபோர்ஸ் பத்தி அடிப்படைக் கேள்விகள் மட்டும் இருக்கற ஒரு டெஸ்ட்டை தன் கிளாஸ்ல வச்சார், லாரியும் காரும் மோதிக்கிட்டா எது எதை அதிக விசையோட தள்ளும்ங்கற மாதிரி கேள்விதான், நியூட்டனோட மூணாவது விதி தெரிஞ்சவனுக்கு ரெண்டும் சமம். ஒரு ஸ்டூடன்ட் கேட்டாங்களாம், நீங்க சொல்லிக் கொடுத்தபடி எழுதவா, இல்ல நான் வழக்கமா யோசிக்கறபடி எழுதவான்னு. அந்தக் கேள்விலதான் மனுஷன் ஆடிப்போய்ட்டார். அங்க இருந்துதான் கிளாஸ்ல கேள்வியைப் போட்டு பக்கத்துல இருக்கறவங்ககூட வாதாட விடற முறைக்குப் போனார். 1998ல ரிச்சர்ட் ஹேக்ங்கற இயற்பியல் ஆசிரியர் 6,542 ஸ்டூடன்ட்ஸோட முடிவுகளைத் தொகுத்தார். கோர்ஸ் ஆரம்பத்துல தெரியாம இருந்ததுல எவ்ளோ பங்கு பிடிச்சாங்கன்னு கணக்கு, வெறும் லெக்சர் கிளாஸ்ல சராசரி 0.23, பேசி வாதாடற கிளாஸ்ல 0.48. 2014ல ஸ்காட் ஃப்ரீமன் குழு அறிவியல், இன்ஜினியரிங், கணக்குப் பாடங்கள்ல 225 ஆய்வை ஒண்ணா வச்சுப் பார்த்தாங்க, லெக்சர்ல ஃபெயில் 33.8 சதவீதம், பசங்களை வேலை செய்ய வைக்கற கிளாஸ்ல 21.8. ஹெச்ஓடிகிட்ட போறப்ப இந்த எண்களை எடுத்துட்டுப் போங்க.

ஃபீட்பேக் ஏன் அப்படி வந்துச்சுன்னும் தெரியும். 2019ல அதே ஹார்வர்ட்ல இயற்பியல் கிளாஸைப் பிரிச்சு ஒரு பாதிக்கு வழவழன்னு நல்ல லெக்சர், இன்னொரு பாதிக்கு அவங்களே உக்காந்து கணக்கு போடற கிளாஸ், பாடம் ரெண்டுக்கும் ஒண்ணுதான். கணக்கு போட்டவங்க டெஸ்ட்ல அதிகம் வாங்கினாங்க, ஆனா எவ்ளோ கத்துகிட்டீங்கன்னு கேட்டா லெக்சர் கேட்டவங்கதான் தங்களுக்கு அதிகம் புரிஞ்சதா சொன்னாங்க. தானே மல்லுக்கட்டறப்ப எனக்கு ஒண்ணும் வரலன்னுதான் தோணும், வாத்தியார் கடகடன்னு போர்டுல போட்டுக் காட்டறப்ப எல்லாம் புரிஞ்ச மாதிரி இருக்கும்.

அதனால அடுத்த செமஸ்டர் முதல் வாரமே இதைப் பசங்ககிட்ட சொல்லிடுங்க, கஷ்டமா இருக்கும், புரியாத மாதிரி இருக்கும், டெஸ்ட்ல பாத்துக்கலாம்னு. மூணாவது வாரத்துல சின்னதா ஒரு டெஸ்ட் வச்சு முடிவைக் காட்டுங்க. கூடவே, எடுத்த எடுப்புல புதுக் கணக்கைத் தூக்கிக் கையில கொடுக்காதீங்க, முதல்ல ஒண்ணு ரெண்டு நீங்க போட்டுக் காட்டுங்க, புதுசா கத்துக்கறவனுக்கு அது வேணும். உங்க லெட்டர்ல அது இருந்துச்சா இல்லையான்னு தெளிவா இல்ல, இல்லன்னா பசங்க புலம்பினதுல பாதி நியாயம். எனக்கும் ஒரு தடவை "சார் தூங்க வர்றார்"னு எழுதினாங்க, அந்த செமஸ்டர் நான் நிஜமாவே கடைசி பெஞ்சுல போய் உக்காந்து வேடிக்கை பார்த்துட்டு இருந்தேன்.