பெரியப்பாவின் எஸ்டீமை ரேஸ் கார் ஆக்க மனைவியின் நகையை வைக்கலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். வயது 34. ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை நடத்துகிறேன். வரி போக மாதம் சராசரியாக 95,000 ரூபாய் கையில் நிற்கும். குடும்பச் செலவு 52,000, எஸ்ஐபி 15,000. எஃப்டியில் 6 லட்சம், சேமிப்புக் கணக்கில் 2 லட்சம் இருக்கிறது. டேர்ம் பாலிசி 50 லட்சம், குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு 5 லட்சம். மனைவி, 4 வயது மகள். காலமான பெரியப்பாவின் 2006 மாருதி எஸ்டீம், ஊர் வீட்டுக் கொட்டகையில் சும்மா நிற்கிறது. அதை டிராக் காராக மாற்றி, இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையிலும் உள்ள பந்தய டிராக்குகளில் ஓட்ட ஆசை. முடிந்தால் பந்தயத்திலும் கலந்துகொள்வேன். காரைக்குடி மெக்கானிக் 6.5 லட்சம் கொட்டேஷன் தந்திருக்கிறார். எஃப்டியில் 3 லட்சம் உடைத்து, மனைவியின் நகையை வைத்து 3.5 லட்சம் எடுக்கலாமா? காரில் பட்டறை பெயரை ஒட்டிவிட்டால் விளம்பரச் செலவாகக் கணக்கில் எழுதலாம் என்று நண்பர் சொல்கிறார். இன்சூரன்ஸ் விஷயமும் சொல்லுங்கள்.

— பெயர் வேண்டாம், ஆத்தங்குடி

பதில்: காரைக் கட்டுங்கள். நகையைத் தொடாதீர்கள். கொட்டேஷனை மெக்கானிக்கிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நகையை முதலில் முடித்துவிடுவோம். 3.5 லட்சத்துக்கு 10 சதவீத வட்டி என்று வையுங்கள், ஆண்டுக்கு 35,000. பெரும்பாலான நகைக்கடன்களில் ஓராண்டுக்குள் அசலும் வட்டியும் சேர்த்துக் கட்டித்தான் நகையைத் திருப்ப வேண்டும். 3,85,000-ஐ 12 மாதத்தில் சேர்க்க மாதம் 32,000 வேண்டும். உங்களுக்கு மாதம் மிஞ்சுவதே 28,000. அப்புறம் வட்டியை மட்டும் கட்டி மறு அடகு வைப்பீர்கள். கார் ஒரு சுற்று ஓடுவதற்கு முன்பே இந்தச் சுழல் தொடங்கிவிடும். கடை வைக்க, மெஷின் வாங்க நகையை வைப்பது வேறு. அந்தப் பணம் திரும்பி வர ஒரு வழி இருக்கிறது. ரேஸ் காரில் போட்ட பணத்தைப் போட்ட அன்றே செலவுப் பக்கத்தில் எழுதிவிட வேண்டும். நம் ஊர் பழைய பேரேட்டு முறைப்படி சொன்னால், ஐந்தொகையில், அதாவது பேலன்ஸ் ஷீட்டில், இந்தக் காருக்கு மதிப்புப் பூஜ்யம்.

சரி, உண்மையில் எவ்வளவு எடுக்கலாம்? உங்கள் தொழிலில் ஐப்பசி, கார்த்திகை மழை வந்தால் டைல்ஸ் காயாது, ஆர்டரும் குறையும். அதனால் சம்பளக்காரருக்குச் சொல்வதுபோல ஆறு மாதச் செலவு போதாது, எட்டு மாதச் செலவு கையில் நிற்க வேண்டும். 52,000 × 8 = 4,16,000. இதை 4,20,000 என்று வைத்துக்கொண்டு எஃப்டியிலேயே பூட்டுங்கள். மொத்தம் 8 லட்சத்தில் இது போக 3,80,000. காப்பீட்டைக் கூட்டுவதற்கு 40,000 ஒதுக்கினால் 3,40,000. இந்தப் பொழுதுபோக்குக்கு உங்கள் முதல் இவ்வளவுதான். இது தவிர மாதம் 12,000 தனிக் கணக்கில் போடுங்கள். உபரியில் மீதி 16,000 சேமிப்புக்கே போகட்டும். எஸ்ஐபி நிற்கவே கூடாது.

இப்போது கொட்டேஷன். என்ஜின் வேலை 2,20,000. உயரத்தை மாற்றக்கூடிய காயில் ஓவர் சஸ்பென்ஷன் 95,000. வீல், டயர் 80,000. பெயின்ட், பாடி கிட் 70,000. ரோல் கேஜ், அதாவது கார் உருண்டால் ஆளைக் காக்கும் பைப் கூண்டு, 45,000. எக்ஸாஸ்ட் 40,000. சீட், பெல்ட் 30,000. பிரேக் 15,000. இதர வேலை 55,000. பெயின்டுக்கு எழுபது, பிரேக்குக்குப் பதினைந்து! இந்த ஒரு வரியே போதும், இவர் கட்டப்போவது கண்காட்சிக்கு வைக்கும் கார்.

என்ஜினை இப்போதைக்குத் தொட வேண்டாம். எஸ்டீமின் 1298 சிசி, 16 வால்வு எம்பிஎஃப்ஐ என்ஜின் 85 குதிரைத்திறன் தரும். வண்டி எடை 900 கிலோவுக்கும் குறைவு. பின்சீட், கார்பெட், ஏசி, கதவு அட்டைகள், தரையில் ஒட்டிய தார்ப் பூச்சு எல்லாம் கழற்றினால் 80, 90 கிலோ இறங்கும். கேஜ் 35 கிலோவைத் திருப்பி ஏற்றினாலும் லாபம்தான், அதுவும் கூலிச் செலவில். இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. பந்தயத்தில் எந்த வகுப்பில் ஓட்டப்போகிறீர்கள் என்று முடிவாகாமல் கேம், ஹெட் என்று என்ஜின் பாகங்களை மாற்றினால், அந்த வகுப்பின் விதி அதை அனுமதிக்காமல் போகலாம். அப்போது உங்களைவிடப் பெரிய என்ஜின்கள் ஓடும் வகுப்புக்குத் தள்ளப்படுவீர்கள். முதலில் விதிப் புத்தகம், பிறகுதான் ஸ்பேனர்.

என்ஜினில் செய்ய வேண்டியது மூன்றே வேலை. ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டி என்பதால் டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர், ஹோஸ் எல்லாம் புதிதாகப் போடுங்கள். நீளமான வளைவில் வேகமாகத் திரும்பும்போது என்ஜினின் அடித்தொட்டியான சம்ப்பில் உள்ள ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும், பம்ப் காற்றை உறிஞ்சும், ஆயில் கிடைக்காமல் உள்ளே பிக் எண்ட் பேரிங் தேய்ந்து என்ஜின் தட்டத் தொடங்கும். அதற்குச் சம்ப்பைக் கழற்றித் தடுப்புத் தகடு வெல்டிங் வைக்க வேண்டும்; சில ஆயிரத்தில் முடிகிற வேலை. ஆயில் அளவு எப்போதும் மேல் கோட்டில் நிற்கட்டும். இந்தச் சில ஆயிரத்தை மிச்சம் பிடித்தவர்கள் பிறகு என்ஜின் ஓவர்ஹாலுக்கு அழுவார்கள்.

அடுத்தது கேஜ். 45,000 என்றால் பைப் எது என்று கேளுங்கள். சர்வதேச அமைப்பான எஃப்ஐஏ விதிப்படி கேஜ் பைப் கோல்டு டிரான் சீம்லெஸ் ஸ்டீலாக இருக்க வேண்டும். ஓட்டுபவருக்குப் பின்னால் நிற்கும் முக்கிய வளைவான மெயின் ஹூப் 45 மிமீ விட்டம், 2.5 மிமீ கனம். இல்லையென்றால் 50 மிமீக்கு 2 மிமீ. மற்ற பைப்புகள் 38க்கு 2.5 அல்லது 40க்கு 2. தரையில் பதியும் இடங்களில் குறைந்தது 3 மிமீ கனமுள்ள, 120 சதுர செமீ பரப்புள்ள தகடு வேண்டும். கேட்டுக்கு, பந்தலுக்குப் போடும் தையல் பைப்பில் கேஜ் கட்டினால், உருளும்போது தையலிலேயே பிளக்கும். இன்னொரு வழக்கமான தப்பு: கூரையோடு ஒட்டிய பக்கம் டார்ச் நுழையாது என்று பைப்பின் முக்கால் சுற்றை மட்டும் வெல்டிங் வைப்பது. சுற்று முழுவதும் வைக்க வேண்டும். அதற்குக் கேஜைத் தற்காலிகமாகக் கீழே இறக்க வழி செய்வார்கள்; அது தெரியாத பட்டறையில் கொடுக்காதீர்கள். பந்தயத்துக்கு முன் காரைச் சோதிக்கும் ஸ்க்ரூட்டினியில் கேஜ் தள்ளுபடியானால் அறுத்து எடுத்து மறுபடி கட்ட வேண்டும், செலவு இரட்டிப்பு. நான் இதற்கு 80,000 வைப்பேன்.

சீட், ஆறு முனை பெல்ட், மவுன்ட் எல்லாம் சேர்த்து 60,000. பெல்ட்டிலும் சீட்டிலும் தயாரிப்புத் தேதி, காலாவதி ஆண்டு லேபிளில் இருக்கும். காலாவதிக்கு ஆறு மாதம் இருக்கிற பெல்ட்டைப் பாதி விலைக்கு விற்க வருவார்கள், ஏமாறாதீர்கள். சஸ்பென்ஷனுக்குக் காயில் ஓவர் வேண்டாம். புது ஷாக், புது புஷ், பால் ஜாயின்ட், மேல் மவுன்ட், வீல் அலைன்மென்ட் எல்லாம் 40,000-க்குள் அடங்கும். 20 வயது ரப்பரை விட்டுவிட்டு ஷாக் மட்டும் மாற்றினால் அலைன்மென்ட் எந்த நாளும் நிற்காது. பிரேக்குக்கு 25,000: நல்ல முன் பேட், ஸ்டீல் ஹோஸ், வீல் பேரிங், டிஸ்க், டாட் 4 பிரேக் ஆயில். டாட் 3 புதிதாக இருக்கும்போது 205 டிகிரியில் கொதிக்கும், டாட் 4 230 டிகிரியில். ஆனால் பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரம் ஏறினால் டாட் 4 கூட 155 வரை இறங்கிவிடும். கொதித்தால் குழாயில் ஆவி, பெடல் தரையைத் தொடும். டிராக்கில் முதல் வருடக்காரர்கள் ஓரத்துச் சரளைக்குள் இறங்குவதற்கு இது ஒரு காரணம். ஒவ்வொரு முறை போவதற்கு முன்பும் மாற்றுங்கள்.

கூலிங், டைமிங் பெல்ட், சம்ப் வேலைக்கு 18,000. 13 அங்குல டயர் ஒரு செட் 18,000. தீயணைப்பான், மின்சாரத்தை ஒரேயடியாகத் துண்டிக்கும் கில் சுவிட்ச், இழுவைக் கொக்கி 9,000. எல்லாம் சேர்த்து 2,50,000. ஐந்து, பத்து முன்னே பின்னே போகலாம். பெயின்ட் அடிக்கவே வேண்டாம், முதல் வருடத்தில் எப்படியும் உரசும்.

3,40,000-இல் மீதி 90,000. அதில் 50,000-ஐப் பயிற்சிப் பள்ளிக்கு ஒதுக்குங்கள். பந்தயத்துக்கு நம் நாட்டு மோட்டார் பந்தய அமைப்பான எஃப்எம்எஸ்சிஐயின் உரிமம் வேண்டும், அதற்குப் பயிற்சிச் சான்றும் மருத்துவச் சான்றும் தேவைப்படும். இதைக் கார் கட்டுவதற்கு முன்பே செய்யுங்கள். பள்ளிக் காரில் இரண்டு நாள் ஓட்டிய பிறகும் ஆசை அப்படியே இருந்தால்தான் வெல்டிங் பட்டறைக்குப் போக வேண்டும். ஆசை போய்விட்டால் 50,000-இல் தப்பித்தீர்கள், சந்தோஷப்படுங்கள். ஹெல்மெட், சூட், கையுறை, ஷூ, கழுத்துக்கான ஹான்ஸ் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 96,000 ஆகும். மாதம் 12,000 வீதம் எட்டு மாதத்தில் அது சேர்ந்துவிடும். அந்த எட்டு மாதம் எஸ்டீம் கொட்டகையிலேயே நிற்கட்டும். பழைய ஹெல்மெட்டை மட்டும் யாரிடமும் வாங்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை கூட இல்லாத விஷயம் ஓட்டும் செலவு. ஒரு நாள் கணக்கு இது. டிராக் கட்டணம் 10,000. நான்கு செஷனில் ஏறத்தாழ 120 கிமீ ஓடும், முழு வேகத்தில் லிட்டருக்கு 4 கிமீ. பெட்ரோல் 30 லிட்டர், 3,000. ஒரு செட் டயர் மூன்று நாள் தாங்கும் என்றால் நாளுக்கு 6,000. பேட் 2,500. ஆயில், ஃபில்டர், பிரேக் ஆயில் 4,000. உதவிக்கு வருபவரோடு தங்கல், சாப்பாடு 5,000. உடைவதற்கு ஒதுக்கீடு 8,000. ஆக 38,500. இதன் மேல் காரை ஏற்றிப்போகும் பிளாட்பெட் லாரி வாடகை. காரைக்குடியிலிருந்து இருங்காட்டுக்கோட்டைக்குப் போக வர சுமார் 800 கிமீ, கிமீக்கு 28 என்றால் 22,400. கோவை செட்டிபாளையம் காரி டிராக்குக்குப் போக வர சுமார் 540 கிமீ, 15,000 சொச்சம். பெட்ரோல் விலைக்குத்தான் எல்லோரும் பயப்படுவார்கள், இந்தக் கணக்கில் அது கடைசிக்கு முந்தினது.

அதனால் முதல் வருடம் காரி டிராக்தான். அது சிறிய டிராக், வேகம் குறைவு, பிரேக்குக்கும் உங்களுக்கும் நல்லது. ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் தங்கி ஓட்டினால் பிளாட்பெட் செலவு ஒன்றுதான். ஆண்டுக்கு இரண்டு பயணம், நான்கு நாள்: சுமார் 1,84,000. கார் முடிந்த பிறகு வரும் 12 மாதத்தில் உங்கள் 12,000 சேர்ந்து 1,44,000, கையில் மிஞ்சிய 40,000, கணக்கு சரியாக இருக்கிறது. பந்தயம் இரண்டாம் வருடம். ஒரே வார இறுதியில் ஒரு செட் டயர் போய்விடும், நுழைவுக் கட்டணமும் வேறு.

இன்சூரன்ஸ். நம் நாட்டு மோட்டார் பாலிசியில், ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் வண்டியைப் பயன்படுத்தினால் காப்பு கிடையாது என்று எழுதியே இருக்கும். டிராக்கில் நசுங்கினால் முழுச் செலவும் உங்களுடையது. ரோட்டில் மோதியதாகச் சொல்லி க்ளெய்ம் போடலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. அது மோசடி, கேட்காதீர்கள். மருத்துவக் காப்பீட்டில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்த பொது விலக்கு, மோட்டார் பந்தயத்தில் தொழில்முறையாகப் பங்கேற்றால் சிகிச்சைச் செலவு கிடையாது என்கிறது. நீங்கள் பொழுதுபோக்குக்கு ஓட்டுபவர். ஆனாலும் உங்கள் பாலிசி வாசகத்தைக் காட்டி நிறுவனத்திடம் மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள், ஏஜென்ட் வாய்வார்த்தை செல்லாது. தனிநபர் விபத்து பாலிசிகள் பலவும் பந்தயத்தை விலக்கிவிடும். டேர்ம் 50 லட்சம் உங்கள் குடும்பத்துக்குக் குறைவு; இன்னொரு 50 லட்சம் எடுங்கள். விண்ணப்பத்தில் ஆபத்தான பொழுதுபோக்கு உண்டா என்ற கேள்விக்கு உள்ளதை எழுதுங்கள். பிரீமியம் கொஞ்சம் ஏறலாம். மறைத்தால் முதல் மூன்று ஆண்டுக்குள் வரும் க்ளெய்மைத் தோண்டித் துருவுவார்கள், பதில் சொல்ல அப்போது நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

விளம்பரச் செலவு யோசனை வேண்டாம். செலவு முழுக்க முழுக்கத் தொழிலுக்கானது என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். சொந்த ஆசைக்குக் கட்டிய காரில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி 2.5 லட்சத்தை வரியில் கழிப்பது நிற்காது. ஆத்தங்குடிக் கல் வாங்குபவர் டிராக் ஓரத்தில் நிற்கப் போவதில்லை என்று அதிகாரிக்கும் தெரியும்.

கடைசியாக அந்த எஸ்டீமின் காகிதங்கள். 2006 வண்டி என்றால் ஆர்சி 15 ஆண்டில் 2021-லேயே முடிந்திருக்கும். புதுப்பிக்காமல் அதை லேத் பட்டறைக்குக்கூட ஓட்டிப்போகக் கூடாது, வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். புதுப்பித்துவிட்டுக் கேஜ் போட்டு ஊரிலும் ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு அந்த மாற்றத்தை அனுமதிக்காது, ஹெல்மெட் இல்லாமல் கேஜுக்குள் உட்கார்ந்தால் சின்ன மோதலிலேயே மண்டை பைப்பில் இடிக்கும். டிராக்குக்கு மட்டும் என்று முடிவெடுத்து, ஆர்சியை என்ன செய்வது என்று ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுச் செய்யுங்கள். அதற்கு முன் பெரியப்பாவின் வாரிசுகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் வேண்டும். பத்து வருடமாக அந்தக் கொட்டகையை எட்டிப் பார்க்காதவருக்கும், கேஜ் வெல்டிங் முடிந்த மறுநாள் அப்பா வண்டி மேல் பாசம் பொங்கும்.