1911 பிஸ்டலில் புது தம்ப் சேஃப்டி (கட்டைவிரலால் ஏற்றி இறக்கும் பூட்டு) மேலே ஏறவில்லை என்றால்

சேஃப்டியின் உள்பக்க முனையைத்தான் அராவ வேண்டும், ஹேமரை (சுத்தியல்) பிடித்து நிறுத்தும் சியரைத் தொடாதீர்கள். ஹேமரை இழுத்து வைத்ததும் லீவர் பாதியில் நிற்கிறது என்றால், சியரை முட்டும் அந்த முகத்தில் உலோகம் கூடுதல். துப்பாக்கிக்குத் துப்பாக்கி அளவு மாறுவதால் அப்படி விட்டுத்தான் விற்கிறார்கள்.

மேகசினைக் கழற்றி, சேம்பர் (தோட்டா அறை) காலியா என்று பாருங்கள். முனையில் மார்க்கர் மை பூசி, மாட்டி, லீவரை ஏற்றிப் பாருங்கள். மை உரசிய இடத்தில் மட்டும் நைஸ் அரத்தால் இரண்டே இழுப்பு, மறுபடி மாட்டுங்கள். சலிப்பான வேலைதான்.

ஏறியபின் சோதனை: சேஃப்டி போட்டு, கைப்பிடியின் பின்பக்கம் இருக்கும் கிரிப் சேஃப்டியையும் அழுத்திப் பிடித்து ட்ரிகரை இழுத்து விடுங்கள். சேஃப்டியை எடுத்தால் ஹேமர் விழக்கூடாது. பிறகு ஹேமரை மெல்லப் பின்னிழுங்கள். 'டிக்' என்று கேட்டால் சியர் நகர்ந்திருக்கிறது, அதிகம் அராவிவிட்டீர்கள். அந்த சேஃப்டி இனி ஆகாது. வேறு வாங்கும்வரை தோட்டா போடாதீர்கள்.