‘2 பாஸ்ட் 2 ஃபியூரியஸ்’ ஏன் அவ்வளவு திட்டு வாங்கியது? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ‘ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்’ கார் ரேஸ் பட வரிசையில் இரண்டாவதாக 2003ல் வந்த இந்தப் படத்துக்கு உண்மையிலேயே அவ்வளவு மோசமான விமர்சனமா? எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது.

பதில்: மோசம்தான் தம்பி. விமர்சனங்களைத் தொகுத்து மதிப்பெண் தரும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் 40 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை, மோசமான படங்களுக்குத் தரும் கோல்டன் ராஸ்பெரி பட்டியலிலும் இடம்பிடித்தது. ஆனால் பிரபல அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் 4க்கு 3 நட்சத்திரம் கொடுத்தார். படத்துக்கு மூளை கிடையாது, ஆனால் திறமையாக, ஸ்டைலாக எடுத்திருக்கிறார்கள் என்பதுதான் அவர் சொன்னது. நான் அவர் கட்சி.

கேள்வி: வின் டீசல் இல்லாததுதான் காரணமா?

பதில்: பெரிய காரணம் அது. 2001ல் வந்த முதல் பாகத்தில் போலீஸ்காரன் பிரையன், தான் பிடிக்க வேண்டிய டொமினிக்கிடமே (அதுதான் வின் டீசல்) கடைசியில் கார் சாவியைக் கொடுத்துத் தப்பவிடுகிறான். நட்பா கடமையா என்று மனது கிடந்து தவிக்கும், அந்தக் கனம் இதில் இல்லை. போதைப்பொருள் வியாபாரியைப் பிடிக்கும் கதை வழக்கமானதுதான், வில்லனும் பலவீனம், இதில் விமர்சகர்கள் சொன்னது சரி. ஆனால் டைரீஸ் கிப்சனின் ரோமனை வெறும் மாற்று ஆளாகப் பார்த்தார்களே, அங்கேதான் கோட்டை விட்டார்கள். பழைய நண்பன் பிரையன் போலீசான பிறகு தனக்கு ஜெயில் வாய்த்ததை ரோமன் மறக்கவே இல்லை, வாய் ஓயாமல் வம்பு பேசிக்கொண்டே அந்தக் கோபத்தைச் சுமக்கிறான். பிரையனாக வரும் பால் வாக்கரும் கிப்சனும் சேர்ந்து வரும் காட்சிகளில்தான் படத்துக்கு உயிரே வருகிறது.

கேள்வி: சார், இயக்குநர் பெரிய ஆள்தானே?

பதில்: ஜான் சிங்கிள்டன். 1991ல் ‘பாய்ஸ் என் த ஹூட்’ எடுத்து, 24 வயதில் ஆஸ்கரின் சிறந்த இயக்குநர் பட்டியலுக்குப் போனவர். அந்தப் பிரிவில் அத்தனை இளம் வயதில் அதற்கு முன் யாரும் போனதில்லை, முதல் கறுப்பினத்தவரும் அவர்தான். அப்படிப்பட்டவர் கார் படம் எடுக்கலாமா என்ற ஏமாற்றம் பலருக்கு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. மயாமியின் வெயிலையும் பல இனத்து இளைஞர்கள் ஒன்றாகக் கூடும் தெருவையும் அவர் காட்டிய விதத்தில் அந்த ஊரே கண்ணில் நிற்கிறது.

கேள்வி: ரேஸ் எல்லாம் வீடியோ கேம் மாதிரி இருக்கிறதே?

பதில்: முதல் ரேஸில், பாலத்தைத் தாண்டும் இடத்தில் கம்ப்யூட்டர் வேலை பளிச்சென்று தெரிகிறது, ஒப்புக்கொள்கிறேன். அப்புறம் கிடங்கின் கதவுகள் திறந்து, வகைவகையான கார்கள் மொத்தமாகப் பாய்ந்து வெளியே வரும்போது எதைத் துரத்துவது என்று தெரியாமல் போலீஸ் திணறுமே, அந்தக் காட்சியைத் திரும்பப் பாருங்கள். நிஜக் கார்களை நெருக்கடியாக ஓட்டவிட்டு எடுத்தது, இன்றைக்கும் பழசாகவில்லை.

கேள்வி: வசூல்?

பதில்: செலவு 7.6 கோடி டாலர், உலகம் முழுக்க வசூல் ஏறக்குறைய 23.6 கோடி. அமெரிக்காவில் மட்டும் முதல் பாகத்தைவிடக் குறைவு.

கேள்வி: இதை விட்டுவிட்டு நேராக அஞ்சாவது பாகத்துக்குப் போகலாமா?

பதில்: வேண்டாம். 2011ல் ‘ஃபாஸ்ட் ஃபைவ்’ வந்தபோது விமர்சகர்கள் புகழ்ந்தது பழைய பாகங்களின் ஆட்கள் ஒன்றுசேர்ந்த கூட்டணியைத்தான், அதில் ரோமனும், மயாமியில் ரேஸ் நடத்தும் தேஜும் இந்தப் படத்திலிருந்து போனவர்கள். பிரையன் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து மயாமிக்கு வந்த கதையைச் சொல்லும் சில நிமிடக் குறும்படம் ஒன்றும் இருக்கிறது, வசனம் ஏறக்குறைய கிடையாது. முதல் பாகம் முடிந்ததும் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு இதற்கு வாருங்கள்.