ஈயடிச்சான் காப்பி பிஷப்

கேள்வி: 7-ஆம் நூற்றாண்டு ஸ்பெயின் பிஷப் இசிதோரை 'இன்டர்நெட்டின் காவல் புனிதர்' என்று கொண்டாடுகிறார்களே! அழுகிய மாட்டு மாமிசத்திலிருந்து தேனீ பிறக்கும் என்று எழுதியவர் அவர். எழுதியதில் பெரும்பகுதி அடுத்தவர் சரக்கு வேறு. ஈயடிச்சான் காப்பிக்கு ஒரு புனிதரா?

பதில்: இன்டர்நெட் பட்டம் பத்திரிகைகள் பரப்பியது, வாட்டிகன் கொடுத்ததல்ல. 1722-இல் திருச்சபை கொடுத்தது, போதனையில் சிறந்த புனிதர்களுக்குத் தரும் 'மறைவல்லுநர்' பட்டம். அதோடு சரி.

காப்பி? ஆமாம், காப்பிதான். நீங்கள் சொல்லும் தேனீ சமாச்சாரமும் ரோமக் கவி வர்ஜிலிடமே இருக்கிறது. ஆக, தப்பையும் சேர்த்தே காப்பியடித்திருக்கிறார்! ஆனால் எந்தக் காலத்தில் என்று பாருங்கள். மேற்கில் ரோம ஆட்சி கவிழ்ந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஸ்பெயினை ஆண்டவர்கள் விசிகோத் என்ற ஜெர்மானிய இனத்து அரசர்கள். பழைய லத்தீன் நூல்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தன. அண்ணன் லியாந்தருக்குப் பிறகு, 600 வாக்கில் செவில் நகர பிஷப்பான இசிதோர், கையில் கிடைத்ததையெல்லாம் சுருக்கி 'எட்டிமொலொஜியே' (சொற்பிறப்புகள்) என்ற கலைக்களஞ்சியத்தில் போட்டார். இலக்கணம், கணக்கு, மருத்துவம், சட்டம், மிருகங்கள், கப்பல், கடைசியில் சமையல் பாத்திரம் வரை. சொல்லுக்கு வேர் தேடுகிறேன் என்று அவர் அடிக்கும் கூத்து பல இடங்களில் சிரிப்பை வரவழைக்கும். ஆனாலும், மூலநூல் அழிந்துபோன சில வரிகள் இவர் எடுத்தெழுதியதால்தான் இன்று நமக்குக் கிடைக்கின்றன.

அந்தப் புத்தகமும் சும்மா வந்துவிடவில்லை. சரகோசா பிஷப் பிராவ்லியோ வருடக்கணக்கில் கடிதம் போட்டு நச்சரித்த பிறகே, முடிக்காத பிரதியை இசிதோர் அனுப்பிவைத்தார். அதை 20 பாகங்களாகப் பிரித்தவர் பிராவ்லியோ. கையெழுத்துப் பிரதிகள் கிட்டத்தட்ட ஆயிரம் இன்றும் இருக்கின்றன. 1472-இல் ஆக்ஸ்பர்க்கில் அச்சேறியபோது அதில் இருந்த வட்டமான உலகப் படம்தான் ஐரோப்பாவில் அச்சான முதல் வரைபடம்.

இசிதோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டுமென்றால் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. சிசெபுத் என்ற விசிகோத் அரசன் யூதர்களைப் பலவந்தமாக மதம் மாற்றினான். இசிதோரின் நண்பன்தான், இவர் அவனுக்காக ஒரு நூலே எழுதியிருக்கிறார். இருந்தும், வாதத்தால் அழைக்க வேண்டியவர்களை அதிகாரத்தால் நெருக்கினான் என்று தன் கோத் வரலாற்றில் அவனைக் குறை சொன்னார். சபாஷ் என்று சொல்லத் தோன்றுகிறது அல்லவா? அவசரப்படாதீர்கள். 633-இல் தொலேதோவில் கூடிய திருச்சபைச் சங்கம் (பிஷப்புகள் கூட்டம்), இனி யாரையும் பலவந்தமாக மாற்றக்கூடாது என்றது. ஏற்கெனவே மாற்றப்பட்டவர்கள்? கிறிஸ்தவர்களாகவே இருந்தாக வேண்டுமாம். அப்புறம் 60-ஆம் விதி: யூதர்களின் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, மடங்களிலோ பக்தியுள்ள கிறிஸ்தவர்களிடமோ ஒப்படைக்க வேண்டும். அரசனைக் குறை சொல்லத் தெரிந்த இசிதோர்தான் அந்தச் சங்கத்துக்குத் தலைவர்.